வக்கீல் கோட்டை விட்டால் அவர் மீதே வழக்கு போட முடியுமா? நுகர்வோர் நீதிமன்றம் இல்லையென்றால் எங்கே போவது?

"சார், என் கேஸ் என்ன ஆச்சு?"

"அது நடந்துக்கிட்டு இருக்கு. நீங்க வர வேண்டாம், நான் பார்த்துக்கறேன்."

கோர்ட் படியேறிய யாருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல. பெரும்பாலான வக்கீல்கள் சொன்னபடி பார்த்தும் கொள்கிறார்கள். ஆனால் ஒரு நாள் சந்தேகம் வந்து நீங்களே கோர்ட்டுக்குப் போய் விசாரிக்கிறீர்கள். "உங்க கேஸா? போன வருஷமே டிஸ்மிஸ் ஆயிடுச்சே" என்று பதில் வருகிறது. அப்போது என்ன செய்வீர்கள்?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் புரோநோட் எழுதி வாங்கிக்கொண்டு 8 லட்சம் ரூபாய் கடன் கொடுக்கிறார். பணம் திரும்பவில்லை. வக்கீலைப் பிடித்து, ஃபீஸ் கொடுத்து, வழக்கும் போட்டாகிவிட்டது. ஆனால் வாய்தாக்களுக்கு வக்கீல் போகவே இல்லை. 'வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை' என்று வழக்கு தள்ளுபடி ஆகிறது. கட்சிக்காரருக்குத் தகவலே வரவில்லை. இப்போது 8 லட்சமும் போச்சு, வழக்கும் போச்சு.

இந்த நஷ்டத்தை வக்கீலிடம் கேட்க முடியுமா? முடியும். ஆனால் பலரும் முதலில் நினைக்கும் நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவு 2024-ல் மூடப்பட்டுவிட்டது. மற்ற கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஏன் போக முடியாது?

காசு கொடுத்து வாங்கும் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். வக்கீலுக்கும் காசு கொடுக்கிறோமே, அது சேவை இல்லையா? இந்தக் கேள்வி சுமார் 17 ஆண்டுகள் இழுபறியில் இருந்தது.

டெல்லியில் தொடங்கிய ஒரு சாதாரண செக் பவுன்ஸ் வழக்குதான் ஆரம்பம். 20,000 ரூபாய் செக் திரும்பிய விவகாரத்தில் ஒருவர் வக்கீல் வைத்தார். எதிர்த் தரப்பு கொடுத்த பணத்தை வக்கீல் தன்னிடம் ஒப்படைக்கவில்லை, ஃபீஸாக 5,000 ரூபாய் கேட்டுப் பிரச்சனை செய்தார் என்று நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தார். மாவட்ட மன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாநில ஆணையம் அதை ரத்து செய்தது. 2007-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. வக்கீல்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 2009-ல் தடை விழுந்தது.

கடைசியில் 2024 மே 14-ம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு தீர்ப்பளித்தது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது, சேவைக் குறைபாடு என்று அவர் மீது நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் செல்லாது என்பதே தீர்ப்பு.

நீதிபதிகள் சொன்ன காரணங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல. வக்கீலுக்குக் கட்சிக்காரரிடம் மட்டுமல்ல, நீதிமன்றத்திடமும் கடமை இருக்கிறது. இரண்டு, வக்கீல் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்ய முடியாது, கட்சிக்காரர் சொல்வதன்படிதான் நடக்க வேண்டும். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு கட்சிக்காரர் கையில் இருப்பதால் இது 'தனிப்பட்ட பணி ஒப்பந்தம்'. அந்த வகையை நுகர்வோர் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது.

டாக்டர் மீது போடலாம், வக்கீல் மீது முடியாதா?

நியாயமான கேள்வி. 1995-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, காசு வாங்கிக்கொண்டு சிகிச்சை தரும் டாக்டர்களும் மருத்துவமனைகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறார்கள். வக்கீல் வழக்கைத் தீர்மானித்த அமர்வு, அந்தப் பழைய தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆனால் 2024 நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இப்போது அதற்குத் தேவையில்லை என்று முடித்துவிட்டது. ஆக, டாக்டர் மீது நுகர்வோர் வழக்கு இன்றும் போடலாம்.

அப்படின்னா வக்கீல் தப்பித்துவிட்டாரா?

இல்லை. இங்கேதான் பலரும் அந்தத் தீர்ப்பைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வக்கீல் மீது வழக்கே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. தொழில் தவறு, கவனக்குறைவால் ஏற்படுத்திய நஷ்டம், குற்றச்செயல் ஆகியவற்றுக்காக மற்ற சட்டங்களின்படி அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்பதை அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியிருக்கிறது.

இதற்கான சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. 1926-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் கட்டணச் சட்டம், பிரிவு 5. ஒருவர் வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக, தொழில் கடமையில் காட்டிய அலட்சியத்தால் வந்த நஷ்டத்துக்கான வழக்கிலிருந்து அவர் தப்ப முடியாது என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் கோர்ட்டில் வாதாடும் வக்கீல்களுக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு 2000-ம் ஆண்டில்தான் நீங்கியது. இங்கே அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சட்டம் வந்துவிட்டது.

சரி, கதவுகள் எவை? சிவில் கோர்ட், பார் கவுன்சில், போலீஸ் என மூன்று. ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

முதல் வேலை: வக்கீலை விடுங்கள், வழக்கைக் காப்பாற்றுங்கள்

கோபத்தில் பலரும் நேராக வக்கீல் மீது புகார் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குள் அசல் வழக்கை மீட்கும் கெடு ஓடிப்போய்விடுகிறது.

சில கெடுக்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

* நீங்கள் போட்ட வழக்கு, ஆள் வராததால் தள்ளுபடி ஆகியிருந்தால், அதை மறுபடி கோப்பில் எடுக்க மனு போட 30 நாள்.

* உங்கள் மீது போட்ட வழக்கில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்திருந்தால், அதை நீக்கக் கேட்டு மனு போட 30 நாள். உங்களுக்குச் சம்மனே வரவில்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

* சிவில் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் என்றால், மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள்.

கெடு தாண்டிவிட்டாலும் கதை முடியவில்லை. லிமிடேஷன் சட்டம் பிரிவு 5-ன் கீழ், தாமதத்துக்குப் போதுமான காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். வக்கீலின் தவறை அங்கே காரணமாகச் சொல்லலாமா? சொல்லலாம். 1981-ல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. அப்பீல் விசாரணைக்கு வக்கீல் வராததால் ஒரு கிராமத்துக்காரரின் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தது. வக்கீல் வைத்து, ஃபீஸ் கொடுத்து, அவரை நம்பி வீட்டில் இருக்கும் ஒரு அப்பாவி, வக்கீல் செய்த தவறுக்காகக் கஷ்டப்படக் கூடாது என்று கூறி அப்பீலை உயிர்ப்பித்தது.

ஆனால் இது எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் சலுகை இல்லை. 1993-ல் அதே உச்ச நீதிமன்றம், வக்கீல் மீது பழியைப் போட்டால் போதும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது என்றும் சொல்லியிருக்கிறது. விஷயம் தெரிந்தவர், ஊரிலேயே இருப்பவர், வருஷக்கணக்கில் வழக்கைப் பற்றி விசாரிக்கவே இல்லை என்றால், "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று நீதிபதி கேட்பார். தகவல் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் எவ்வளவு வேகமாக நகர்ந்தீர்கள் என்பதையும் பார்ப்பார்.

நம் உதாரணத்தில் புரோநோட் வழக்கு மறுபடி கோப்பில் ஏறிவிட்டால், 8 லட்சம் கிடைக்கும் வாய்ப்பு திரும்பிவிட்டது. முயற்சி செய்தும் ஏறவில்லை என்றால், அந்த முயற்சியே பின்னால் உங்களுக்கு ஆதாரம். முயற்சியே செய்யவில்லை என்றால், "வழக்கை மீட்டிருக்கலாமே, அவர்தான் சும்மா இருந்தார்" என்று அந்த வக்கீல் உங்களைத் திருப்பிக் கேட்பார்.

வக்கீலை மாற்றுவது எப்படி? கட்டைத் தர மறுத்தால்?

வக்கீலை மாற்றுவது கட்சிக்காரரின் உரிமை. பழைய வக்கீல் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் புதியவர் சேஞ்ச் ஆஃப் வக்காலத்து போடுவார். கொடுக்க மறுத்தால், நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு மனு போட்டு மாற்றலாம்.

"பாக்கி ஃபீஸைக் கொடுத்தாத்தான் கேஸ் கட்டு" என்று சொல்லும் வழக்கமும் உண்டு. இது செல்லாது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கோப்புகளைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, பிடித்து வைப்பது தொழில் தவறு என்று 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பாக்கி வேண்டுமானால் அவர் தனியாக வழக்கு போட்டுத்தான் வாங்க வேண்டும்.

கதவு 1: சிவில் கோர்ட். நஷ்டஈடு வேண்டுமென்றால் இங்கேதான்

பணமாக நஷ்டஈடு வேண்டுமென்றால் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் வக்கீல் மீது வழக்கு போட வேண்டும். ஆனால் 'கேஸ் தோத்துப் போச்சு' என்பது மட்டும் போதாது. மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்.

முதலாவது, அவர் உங்கள் வக்கீலாக இருந்தார் என்பது. வக்காலத்து, ஃபீஸ் ரசீது, ஜிபே பரிமாற்றம், வாட்ஸ்ஆப் செய்திகள் இதற்கு உதவும்.

இரண்டாவது, சராசரித் திறமையுள்ள ஒரு வக்கீல் காட்டும் அக்கறையை அவர் காட்டவில்லை என்பது. மருத்துவ அலட்சியம் பற்றிய 2005-ம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எல்லாத் தொழில்முறையாளர்களையும் பற்றிப் பேசும்போது, எந்த வக்கீலும் எல்லா நிலையிலும் ஜெயித்துத் தருவேன் என்று கட்சிக்காரரிடம் உறுதி கொடுப்பதில்லை என்று குறிப்பிட்டது. அவர் உறுதியளிப்பது தொழிலுக்கு வேண்டிய திறமை தன்னிடம் இருக்கிறது, அதை அக்கறையோடு பயன்படுத்துவேன் என்பதைத்தான்.

மூன்றாவது, அந்த அலட்சியத்தால்தான் நஷ்டம் வந்தது என்பது. இதுதான் கடினம்.

நம் புரோநோட் உதாரணத்துக்கே வருவோம். வக்கீல் வாய்தாவுக்குப் போகவில்லை, அது அலட்சியம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நீதிபதி அடுத்துக் கேட்பது, "அவர் போயிருந்தால் நீங்க ஜெயிச்சிருப்பீங்களா?" புரோநோட்டில் கையெழுத்து சரியாக இருக்கிறது, சாட்சி இருக்கிறார், கடன் வாங்கியவருக்குச் சொத்து இருக்கிறது என்றால் 8 லட்சத்தையும் கேட்கும் அளவுக்கு வழக்கு பலமானது. புரோநோட்டே பொய் என்று எதிர்த் தரப்பு சொல்லி, உங்களிடம் வேறு ஆதாரம் இல்லையென்றால், இழந்தது என்ன என்ற கேள்வி வரும். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு வழக்கு போடும் கெடு 3 வருஷம். நீங்கள் வக்கீலிடம் போனதே அந்த 3 வருஷம் முடிந்த பிறகு என்றால், வக்கீலால் உங்களுக்கு நஷ்டம் எதுவுமே இல்லை.

அதாவது, ஒரு வழக்குக்குள் இன்னொரு வழக்கை நடத்த வேண்டும். செத்துப்போன பழைய வழக்கு ஜெயிக்கக்கூடியதுதான் என்பதைப் புதிய வழக்கில் காட்ட வேண்டும்.

எது அலட்சியம், எது இல்லை?

அலட்சியம் என்று சொல்ல வாய்ப்புள்ளவை:

* வழக்கு போடும் கெடுவைத் தவறவிடுவது. செக் பவுன்ஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளில் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கொடுக்க 15 நாள், அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். கோர்ட்டுக்குப் போவதில் வரும் தாமதத்தைக் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் கெடு போனால் போனதுதான்.

* எதிருரை தாக்கல் செய்யாமல் எக்ஸ்பார்ட்டி ஆக விடுவது. சம்மன் வந்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை என்று சட்டம் சொல்கிறது.

* தொடர்ந்து ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடி ஆக விடுவது, அதைக் கட்சிக்காரரிடம் மறைப்பது.

* கட்சிக்காரரைக் கேட்காமல் எதிர்த் தரப்புக்கு விட்டுக்கொடுத்து ராஜி பேசுவது. கட்சிக்காரர் சொல்லாமல் வக்கீல் அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

* வில்லங்கம் பார்க்காமலே 'பத்திரம் சுத்தம்' என்று கருத்து எழுதிக் கொடுப்பது.

அலட்சியம் ஆகாதவை: நன்றாக வாதாடியும் தோற்பது. எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எதைக் கேட்பது என்று அந்த நேரத்தில் எடுத்த முடிவு பலிக்காமல் போவது. இரண்டு விதமாகவும் பார்க்கக்கூடிய சட்டக் கேள்வியில் வக்கீலின் கருத்தை நீதிபதி ஏற்காதது. ஒவ்வொரு வழக்கிலும் ஒரு பக்கம் தோற்கத்தான் செய்யும். தோற்றவர் எல்லோரும் தன் வக்கீல் மீது வழக்கு போட்டால் யாரும் தைரியமாக வாதாட முடியாது என்று வக்கீல்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எவ்வளவு செலவு? எவ்வளவு நாள்?

தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் சிவில் வழக்குகளுக்கு கோர்ட் கட்டணம் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 8 லட்சம் கேட்டால் 24,000 ரூபாய். புது வக்கீல் ஃபீஸ் தனி.

கெடு 3 வருஷம். வக்கீலின் தவறு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட லிமிடேஷன் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள், தவறு நடந்த நாளிலிருந்தே 3 வருஷம் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஏற்கெனவே நுகர்வோர் மன்றத்துக்குப் போய், அங்கே அதிகாரம் இல்லை என்று திரும்பியவர்கள், நல்லெண்ணத்தோடு அங்கே செலவழித்த காலத்தைக் கழிக்கச் சொல்லி லிமிடேஷன் சட்டம் பிரிவு 14-ன் கீழ் கேட்கலாம்.

வழக்கு போட்டவர் நடுவில் இறந்துவிட்டால்? 1988-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வியே வந்தது. வக்கீல் மீது போட்ட நஷ்டஈட்டு வழக்கு, ஒப்பந்த மீறலை அடிப்படையாகக் கொண்டதாக இருந்தால் வாரிசுகள் தொடரலாம், தனிப்பட்ட தீங்கை மட்டும் அடிப்படையாகக் கொண்டதாக இருந்தால் அவரோடு முடிந்துவிடும் என்று நீதிமன்றம் சொன்னது. அதனால் வழக்கை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். வயதானவர்கள் போடும் வழக்கில் புது வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கதவு 2: பார் கவுன்சில். தண்டனை உண்டு, நஷ்டஈடு இல்லை

1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 35-ன் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாடு, புதுச்சேரி வக்கீல்களுக்கு இது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. கையெழுத்திட்டு, உறுதிமொழியோடு, ஆதாரங்களின் நகல்களோடு, உரிய கட்டணம் கட்டிப் புகார் தர வேண்டும்.

முகாந்திரம் இருந்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். புகாரைத் தள்ளலாம், வக்கீலைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்கவில்லை என்றால் விவகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். மாநிலக் குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளில் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல், அதற்கும் மேல் 60 நாளில் உச்ச நீதிமன்றம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, இங்கே உங்கள் 8 லட்சம் திரும்பாது. பார் கவுன்சிலின் வேலை தொழிலைச் சுத்தமாக வைத்திருப்பது. நஷ்டஈடு தருவது அதன் வேலை அல்ல.

இரண்டு, வெறும் கவனக்குறைவு இங்கே போதாது. நேர்மைக் குறைவும் சேர்ந்தால்தான் அது தொழில் தவறு என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தெரியாமல் தவறான ஆலோசனை சொன்னவர் வேறு, தெரிந்தே முறைகேடான ஆலோசனை சொன்னவர் வேறு. வாய்தாவை மறந்தார் என்றால் இங்கே புகார் நிற்பது கஷ்டம். வழக்கு தள்ளுபடி ஆனதை மறைத்து, "நடந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி ஒரு வருஷம் ஃபீஸ் வாங்கினார் என்றால் நிலைமையே வேறு.

பார் கவுன்சில் விதிகளில் கட்சிக்காரருக்குச் சாதகமானவை சில உண்டு. வழக்கை எடுத்த வக்கீல், தகுந்த காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் நடுவில் விலகக் கூடாது. விலகினால், செய்யாத வேலைக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசக் கூடாது.

கதவு 3: போலீஸ். பணத்தை விழுங்கினால் மட்டும்

அலட்சியத்துக்குப் போலீஸ் இல்லை. ஆனால் நஷ்டஈட்டுத் தொகையை வாங்கித் தனக்கே வைத்துக்கொண்டார், கோர்ட் கட்டணம் என்று வாங்கிக் கட்டவே இல்லை, போலித் தீர்ப்பு நகல் தயாரித்துக் கொடுத்தார் என்றால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடிக்குப் பிரிவு 316, ஏமாற்றுதலுக்குப் பிரிவு 318. போலி ஆவணத்துக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததாக இருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்.

அலட்சியத்துக்கும் குற்றத்துக்கும் இடையில் கோடு எங்கே? 2012-ல் நீதிபதிகள் பி.சதாசிவம், ஜே.எஸ்.கெஹர் அமர்வு இதை ஒரு வங்கி வழக்கில் பார்த்தது. வீட்டுக் கடன் மோசடியில், பத்திரங்களைப் பார்த்துக் கருத்து சொன்ன வங்கியின் பேனல் வக்கீலையும் சிபிஐ சேர்த்திருந்தது. கருத்து தவறாகப் போனது என்பதற்காக மட்டும் அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, மோசடிக்காரர்களோடு கை கோத்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

வக்கீல் மீது வழக்கு நடத்த எந்த வக்கீல் வருவார்?

மக்களின் உண்மையான பயம் இதுதான். சின்ன ஊரில் எல்லா வக்கீலும் ஒரே சங்கம், தினமும் முகம் பார்க்கிறவர்கள். "அவர் மேல நான் எப்படிங்க போடறது?" என்று கை விரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வழிகள் உண்டு. பக்கத்து மாவட்ட வக்கீலை அணுகலாம். உங்கள் வழக்கை நீங்களே நேரில் நடத்தலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் வட்ட சட்டப் பணிகள் குழுவிலும் இலவச வக்கீல் கேட்டு மனு கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

* வழக்கில் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்பதற்கும் தள்ளுபடி உத்தரவுக்கும் சான்றிட்ட நகல். காப்பி அப்ளிகேஷன் போட்டு வாங்கலாம். வக்கீல் வராத நாட்கள் இதில் தெரியும்.

* ஃபீஸ் கொடுத்ததற்கு ஆதாரம். பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது.

* வாட்ஸ்ஆப் செய்திகள், ஆடியோக்கள். இவற்றை அழிக்காதீர்கள், போனை மாற்றும்போது கவனம். மின்னணு ஆதாரமாகத் தாக்கல் செய்யச் சாட்சியச் சட்டத்தின்படி சான்றிதழ் தேவைப்படும்.

* வக்கீலுக்கு அனுப்பிய கடிதம். ஆவணங்களைத் திருப்பித் தரவும், வழக்கின் நிலையைச் சொல்லவும் கேட்டு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம்.

இதெல்லாம் வராமல் இருக்க ஒரு 5 நிமிஷ வேலை

உங்கள் வழக்கின் நிலையைத் தெரிந்துகொள்ள வக்கீலை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்ற 16 இலக்க எண் உண்டு. அதை வக்கீலிடம் கேட்டு வாங்கி, 'இகோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப்பில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது, வழக்கு உயிரோடு இருக்கிறதா என்பது போனிலேயே தெரியும். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரைப் போட்டும் தேடலாம். கட்டணம் இல்லை.

நம் உதாரணத்தில் வரும் மனிதர் மாதம் ஒரு முறை இதைப் பார்த்திருந்தால், வழக்கு தள்ளுபடியான 30 நாளுக்குள் விஷயம் தெரிந்திருக்கும். ஒரே ஒரு மனுவோடு வழக்கை மீட்கும் வாய்ப்பு இருந்திருக்கும். வீட்டில் யார் பெயரிலாவது வழக்கு நடந்துகொண்டிருந்தால், இன்றைக்கே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.